தேருக்கு முன்னால், முதுகுக்குப் பின்னால்

முதுகில், சால்வை முடிச்சுக்குச் சற்று மேலே, ஓர் உள்ளங்கை படிந்திருக்கிறது. என் வலது கண் கமராவின் சின்னத் திரைக்குள். இடது கண் மூடியிருக்கிறது. எனக்கு முன்னால், கையை நீட்டினால் எட்டாத, ஆனால் வேட்டி தடக்கி மல்லாந்து விழுந்தால் தாராளமாக எட்டிவிடக்கூடிய தூரத்தில், ஒரு தேர் வந்துகொண்டிருக்கிறது. நான் அதைப் பார்த்தபடியே பின்னோக்கி நடக்கிறேன். எனக்குப் பின்னால் மேடா, பள்ளமா, விழுந்து கும்பிடுகிற யாருடைய தலையா, எதுவும் எனக்குத் தெரியாது. தெரிந்த ஒரே மனிதர் அந்த உள்ளங்கையின் சொந்தக்காரர். அவர் என் அத்தான், அக்காவின் கணவர். அந்த வருடம் அவர் என்னோடு கதைப்பதில்லை.

நான் வீடியோ எடுக்கிறவன். பருத்தித்துறைப் பக்கம், உப்புக் காற்றில் கமராவின் ஆணிகூடத் துருப்பிடிக்கிற ஊர் ஒன்றில் கலியாணம், சாமத்தியவீடு, செத்தவீடு, திருவிழா என்று மனிதர் கூடுகிற எல்லா இடத்திலும் சனத்துக்கு மறைப்பாக நின்று, “தம்பி, கொஞ்சம் விலகும்” என்று ஏச்சு வாங்குகிற அந்த ஆள் நான்தான். எங்கள் ஊர்க் கோயில் தேரை வெளிநாட்டுச் சனத்துக்கு நேரலையாக அனுப்புவதும் என் பொறுப்பு. மடத்துக் கூரையில் ஒரு கமரா அசையாமல் நிற்கும். அது லோங் ஷொட்டுக்கு: கோபுரம், தேர், சனம், மூலையில் கொஞ்சம் கடல், எல்லாம் ஒன்றாகத் தெரியும். மற்றது என் கையில். மிட் ஷொட் என்றால் சுவாமி இடுப்பு வரைக்கும், குளோசப் என்றால் முகமும் மாலையும். இவ்வளவையும் கமராவை ஸ்ராண்டில் பூட்டிவிட்டு ஒரு கையில் மோரோடு எடுத்துவிடலாம். ஆனால் ரொறன்ரோவிலும் லண்டனிலும் நித்திரை முழித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறவர்களுக்கு அது காணாது, போதவே போதாது. தேர் தங்களை நோக்கி வர வேண்டும். வந்துகொண்டே இருக்க வேண்டும். வந்து சேர்ந்துவிடவும் கூடாது. இதற்கு ட்ரக்கிங் ஷொட் என்று பெயர். பெரிய படப்பிடிப்புகளில் இதற்காகத் தண்டவாளம் போட்டு, அதன்மேல் வண்டி வைத்து, வண்டியில் கமராவை ஏற்றித் தள்ளுவார்களாம். எங்கள் பக்கத்துக்கு ரயிலே வராது. தண்டவாளத்தைப் பார்க்கவே பஸ் ஏறிப் போக வேண்டும். ஆகவே எங்கள் கோயிலில் அந்த வண்டி நான்தான்.

கமராக்காரன் என்றாலும் கோயில் வீதியில் மேற்சட்டை இல்லை. வேட்டி, இடுப்பில் இறுக்கிக் கட்டிய சால்வை, அவ்வளவுதான். சட்டைக்குள் ஒளித்து வைத்திருந்த வயிற்றை வருடத்தில் ஒருநாள் நான் உலகத்துக்குக் காட்டுவது அன்றைக்குத்தான். கமராவை மார்போடு அணைத்தால் வயிறு அதற்கு ஒரு மேசையாக உதவும் என்பதைத் தவிர அதனால் வேறு பிரயோசனம் கிடையாது. இந்தக் கோலத்தில் நான் நடப்பது இரண்டு வடங்களுக்கும் இடையில். வடம் பிடிக்கிறவர்கள் தேருக்கு முதுகு காட்டி முன்னால் பார்த்து இழுப்பார்கள். அவர்கள் போகிற திசையில்தான் நானும் போகிறேன். முகம் மட்டும் தேரைப் பார்த்து. இரண்டு பக்கமும் மனிதச் சுவர், நடுவில் ஓர் ஒழுங்கைச் சந்து அகலத்துக்கு வெளி. தேர் பஸ் இல்லை, பிரேக்கை மிதித்தால் நிற்பதற்கு. மேலே நிற்கிறவர் விசில் ஊதி, கீழே நிற்கிறவர்கள் சில்லுக்குக் கட்டை போட்டு, வடம் தளர்ந்து, அதன் பிறகு அது தன்பாட்டில் யோசித்து நிற்கும். அந்த யோசனைக்கு எவ்வளவு நேரம் எடுக்கும் என்று யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள்.

ஆகவே பின்னோக்கி நடக்கிறவனுக்குப் பின்னால் ஒருவர் வேண்டும். சால்வை முடிச்சை ஒரு கையால் பிடித்து, முன்னால் பார்த்து நடந்து, அவனை ஓட்ட வேண்டும். எனக்கு அத்தான் வாய்த்தது என் பலன். அவர் பருத்தித்துறை யாழ்ப்பாணம் பஸ்ஸில் நடத்துநர். பஸ் நிலையத்தின் ஒரு கரையில் நின்று அவர் “றைற்!” என்றால் மறு கரையில் தேநீர் குடித்துக்கொண்டிருக்கிற வேறு பஸ் சாரதியும் எழும்பி ஓடுவார் என்று ஊரில் பகிடி. நெரிசலான தரிப்பிடத்தில் பஸ்ஸைப் பின்னுக்கு எடுப்பிப்பது அவருக்குக் கைவந்த வேலை. அதே முறையில்தான் என்னையும் எடுப்பிப்பார். “வா, வா, வா... கொஞ்சம் ஒடி... நேர் எடு... குழி இருக்கு, மெல்ல... காணும், ஹோல்ட்!” ஒரு முறை தேர் இருப்புக்கு வந்து சேர்ந்ததும் பழக்கதோசத்தில் என் முதுகில் தட்டி, “கடைசித் தரிப்பு, எல்லாரும் இறங்கு” என்றார். சிரித்ததில் கமரா குலுங்கியது. வெளிநாட்டில் நில அதிர்வோ என்று கேட்டு ஆட்கள் எழுதியிருந்தார்கள்.

அப்படிப்பட்டவர் என்னோடு கதையை நிறுத்தியதற்குக் காரணம் ஒரு குளோசப்.

அக்காவின் மகள், என் மருமகள், பெரியபிள்ளையானதற்குச் செய்த சாமத்தியவீடு. தாய்மாமனே கமராக்காரனாக இருக்கும்போது வெளியாளைப் பிடித்தால் ஊர் சிரிக்கும் என்று அக்கா சொல்லிவிட்டாள். மாமன் முறைக்குத் தேங்காய் உடைக்கிறவனும் நான்தான், அதை வீடியோ எடுக்கிறவனும் நான்தான். கமராவை ஸ்ராண்டில் வைத்துவிட்டு ஓடிப்போய் உடைத்தேன். பிறகு போட்டுப் பார்த்தால் தேங்காய் இல்லை, மருமகள் இல்லை, என் வேட்டி மட்டும் திரை நிறைய ஆடிக்கொண்டிருக்கிறது. அதை எல்லோரும் மன்னித்தார்கள். மன்னிக்காதது ஆராத்தியை. அத்தானின் தமக்கை, எனக்கு மச்சாள் முறை, தன் ஒரே தம்பியின் ஒரே மகளுக்கு ஆராத்தி எடுப்பதற்காகவே கனடாவிலிருந்து வந்திருந்தார். அதற்கென்றே தனியாக ஒரு சேலை. அவர் தட்டை எடுத்துச் சுற்றத் தொடங்கியபோது திரிவெளிச்சம் மருமகளின் முகத்தில் ஏறி இறங்கியது. பிள்ளை வெட்கத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டு சுடரையே கண்ணால் பின்தொடர்ந்தாள். நான் முகத்துக்குப் போனேன். போனவன் திரும்பி வரவில்லை. நான் எடுத்ததில் ஆக நல்ல ஷொட் அதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் மச்சாள் அந்த வீடியோவில் முழங்கை வரைக்கும்தான் இருந்தார்.

வீட்டில் எல்லோரும் கூடி ரீவியில் போட்டுப் பார்த்தோம். ஆராத்தி வந்தது. காப்புப் போட்ட ஒரு கை வந்தது, போனது, வந்தது.

“உது ஆற்றை கை?” என்றார் மச்சாள்.

“உங்கடை கைதான் மச்சாள். என்ன வடிவான கை!”

“அப்ப என்ரை முகம்?”

“முகம் கைக்குப் பின்னாலை இருக்கும்.”

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன் நான். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். மச்சாள் சிரிக்கவில்லை. அத்தான் எழும்பிப் போய் ரீவியை நிற்பாட்டினார். “கையைக் காட்டுறதுக்கோ அவ பிளேன் ஏறி வந்தவ?” என்றார். பிறகு நிதானமாக, எனக்கு விளங்க வேண்டும் என்பதுபோல: “குளோசப்பிலை எல்லாச் சனமும் ஒண்டுதான்ரா. தூர நிண்டு எடுத்தால்தான் ஆர் வந்தவை, ஆர் வரேல்லை எண்டு தெரியும். வீடியோ எடுக்கிறதே அதுக்குத்தான். இனி உன்னோடை எனக்குக் கதை இல்லை.”

அவர் சொன்னதைச் செய்கிறவர். அதற்குப் பிறகு என் காது கேட்கும் தூரத்தில் இருந்துகொண்டே அக்காவிடம், “உன்ரை தம்பியைச் சாப்பிடச் சொல்லு” என்பார். அக்கா என் பக்கம் திரும்பி, “சாப்பிடட்டாம்” என்பாள். “எனக்குக் கேக்குது” என்பேன். “அவனுக்குக் கேக்குதாம்” என்று அவள் அந்தப் பக்கம் திரும்புவாள். சுவரில் பந்தடித்து விளையாடுவதுபோல மாதங்கள் போயின. அக்காவுக்குத்தான் கழுத்து நொந்திருக்கும். மச்சாள் கனடாவுக்குத் திரும்பிப் போய், அங்கிருந்தும் என்னோடு கதைக்காமல் இருந்தார்.

திருவிழாவுக்குக் கொடியேறியது. தேருக்கு முதல்நாள் அக்கா எங்கள் இரண்டு பேரையும் குசினி வாசலில் நிற்கவைத்தாள். “கதைக்காட்டில் கதைக்காமல் விடுங்கோ. ஆனால் நாளைக்கு இவன்ரை பின்னுக்கு நிக்கிறது நீங்கள்தான். இவனுக்கு ஒண்டு நடந்தால் தம்பிக்கு அழுறதோ, புருசனோடை சண்டை பிடிக்கிறதோ எண்டு எனக்குத் தெரியாமல் போயிடும்.” அத்தான் சுவரைப் பார்த்து, “பிடிக்கிறன் எண்டு சொல்லு” என்றார். நான் மற்றச் சுவரைப் பார்த்து, “கேட்டது எண்டு சொல்லு” என்றேன்.

கதைக்காமல் எப்படி ஓட்டுவார் என்று அன்றிரவு முழுக்க நான் யோசித்தேன். அவர் யோசிக்கவேயில்லை போலிருந்தது. காலையில் சால்வை முடிச்சைப் பிடித்தவர், பஸ்ஸின் பக்கத் தகரத்தில் அடித்துச் சாரதிக்குச் செய்தி சொல்வதுபோல என் முதுகில் அடித்துக் காட்டினார். ஓர் அடி என்றால் நில். இரண்டு என்றால் போ. உள்ளங்கை இடப்பக்கம் வழுக்கினால் இடம், வலப்பக்கம் வழுக்கினால் வலம். விரல்கள் ஊன்றினால் குழி. அவர் கையில் ஒரு தயக்கமும் இல்லை. எனக்கு மட்டும் முதுகு கூசிச் சிரிப்பு வந்தது. அதை அவர் அவமதிப்பாக எடுத்துக்கொண்டார் என்பது அடுத்த அடியின் உறுதியில் தெரிந்தது.

வடத்தில் கை வைத்தார்கள். மேளமும் வெடியும் அரோகராவும் ஒன்றாய் எழும்ப, தேர் ஒரு முறை குலுங்கிவிட்டு அசைந்தது. முதுகில் இரண்டு அடி. நடந்தேன். வெளியில் பார்க்கிறவர்களுக்கு நான் ஏதோ பக்திப் பரவசத்தில் நடப்பதுபோலத் தெரிந்திருக்கும். உண்மையில் என் நினைப்பெல்லாம் முதுகிலேயே இருந்தது. அத்தான் என்னை விழுத்துவார் என்று நான் நினைக்கவில்லை. அவர் அந்த மாதிரி ஆள் இல்லை. ஆனால் ஒருவர் வாயால் “குழி” என்று சொன்னால் அது எவ்வளவு ஆழம், அவர் பயப்படுகிறாரா, பகிடி விடுகிறாரா எல்லாம் அந்தக் குரலில் இருக்கும். உள்ளங்கையில் அது இருக்காது. கோபமான கையும் அவசரமான கையும் முதுகுக்கு ஒரே மாதிரித்தான். ஒவ்வொரு அடிக்கும் இது எனக்கா, கமராவுக்கா, அந்த ஆராத்திக்கா என்று யோசித்துக்கொண்டே கிழக்கு வீதியைக் கடந்தேன். தெற்கு வீதியில் சூட்டைத் தணிக்கப் பவுசர் லொறி வந்து தண்ணீர் அடித்திருந்தது. மணல் சேறாகிக் கால் வழுக்கியது. விரல்கள் ஊன்றின. மெல்ல வைத்தேன். பள்ளம் காலுக்குக் கீழே வந்தது, போனது. மேற்கு வீதியில் நாங்கள் ஓரளவு பழகிவிட்டோம். அவருடைய கை யோசிப்பதற்கு முன்னே என் கால் போயிற்று. எங்கள் வாழ்க்கையில் நாங்கள் ஒற்றுமையாக இருந்த ஆக நீண்ட நேரம் அதுவாகத்தான் இருக்கும்.

வடக்கு வீதிக்குத் திரும்பும் மூலையில் தேர் அடம்பிடித்தது. ஒரு சில்லு சேற்றுப் பள்ளத்தில் அமர்ந்துவிட்டது. கட்டைக்காரர்கள் கத்தினார்கள். வடம் தளர்ந்து, இறுகி, மறுபடி தளர்ந்தது. தேர் நின்றால் நேரலை பார்க்கிறவர்களுக்கு அலுப்பு வரும் என்று நான் குளோசப்புக்குப் போனேன். சுவாமியின் முகம் திரையை நிறைத்தது. தலைக்கு மேலே கொஞ்சம் இடம் விட வேண்டும், குடை வெட்டுப்படக் கூடாது என்று கமராவை நிமிர்த்திக்கொண்டிருந்தேன். அந்த நேரம் எல்லோரும் சேர்ந்து ஓர் இழுவை இழுத்தார்கள். திரையில் முகம் ஒரு முறை துள்ளியது. பிறகு பெரிதாகத் தொடங்கியது. மாலையின் ஒவ்வொரு பூவும் தெரிந்தது. நன்றாக இருக்கிறதே என்றுதான் நினைத்தேன். குளோசப்பில் அழகு தெரியும், தூரம் தெரியாது.

முதுகில் ஓர் அடி. நில்.

நின்றேன். தேர் நிற்கவில்லை. திரையை விட்டு இடது கண்ணைத் திறந்தபோதுதான் விளங்கியது, பள்ளத்திலிருந்து பாய்ந்து வெளிக்கிட்ட தேர் நடையில் இல்லை, ஓட்டத்தில் வருகிறது. சில்லின் இரும்புப் பட்டியில் ஒட்டிய சேறு சுற்றி மேலே ஏறுவது தெரிந்தது. நான் இரண்டு அடியை எதிர்பார்த்தேன். முதுகில் மறுபடியும் ஒரே அடி, முதலாவதைவிடப் பலமாக. நில். எனக்கு அந்த நேரத்தில் வந்த நினைப்பு இதுதான்: ஒரு கைக்காக மனிசன் என்னைக் கொல்லப் போகிறாரோ? அக்கா நேற்றுச் சொன்னாளே, அழுவதா சண்டை பிடிப்பதா என்று தெரியாது என்று, அதற்குள் நாளும் வந்துவிட்டதோ?

பின்னால் நடந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். வடம் இறுகித் துள்ளியதில் இடப்பக்கம் பிடித்திருந்த வயதான ஒருவர் எறியப்பட்டு, எனக்கு நேர் பின்னால், நடுவழியில் குப்புற விழுந்திருந்தார். நான் ஓர் அடி பின்னுக்கு வைத்தால் அவர் மேல் விழுவேன். மூன்று பேரும் அந்த இடத்திலேயே கிடப்போம். வைக்காமல் நின்றால் தேர் என்னிடம் வந்துவிடும். கிழவரைத் தூக்க இரண்டு கையும் வேண்டும். என்னிடமிருந்து கையை எடுத்தால், ஏன் எடுத்தார் என்று எனக்குத் தெரியாது. எல்லாவற்றுக்கும் அடி வைத்திருந்தோம். கையை எடுக்கிறேன் என்பதற்கு ஓர் அடி எப்படி வைப்பது?

“மச்சான்!”

மேளத்துக்கும் வெடிக்கும் மேலால் அந்தக் குரல் வந்தது.

“மச்சான்! நான் கை எடுக்கிறன்! பின்னுக்கு வையாதை! சோத்துக்கைப் பக்கம் வடத்துக்குக் கீழாலை பூரு!”

முதுகு வெறுமையாயிற்று. அந்தக் குளிரை எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியாது. வலப்பக்கம் பாய்ந்தேன். பாய்ந்தேன் என்பது கொஞ்சம் கூட. குனிந்து வடத்துக்குக் கீழே தலையையும் கமராவையும் கொண்டுபோனேன், வயிறு வர மறுத்தது. வடம் பிடித்த இரண்டு பேர் என்னை ஒரு மூட்டையைப்போல இழுத்து வெளியே போட்டார்கள். மல்லாந்து விழுந்தேன். கமரா என் வயிற்றில் விழுந்தது. நான் இருந்த இடத்தைத் தேர் கடந்து போனது. கட்டை விழும் சத்தம் கேட்டது, விசில் கேட்டது. மரம் முறிவதுபோல ஒரு சத்தத்தோடு தேர் நின்றது.

நான் ஒரு பக்கம். அவர் மறுபக்கமா? அல்லது நடுவிலா? எங்கள் இரண்டு பேருக்கும் இடையில் தேர் நின்றது. அந்தப் பக்கம் எதுவும் தெரியவில்லை. “அத்தான்!” என்று கத்தினேன். சுற்றியிருந்த எல்லோரும் யார் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். விழுந்து கிடந்தபடியே சில்லுகளுக்கு ஊடாகப் பார்த்தேன். மறுபக்கம் கால்கள், நூறு கால்கள், எல்லாம் சேறு. எந்தக் கால் அவருடையது? இத்தனை வருடம் அந்த மனிதரின் கையை என் முதுகு அறியும். காலை நான் பார்த்ததே இல்லை. ஒரு சில்லுக்குப் பக்கத்தில் ஒரு சால்வை கிடந்தது. அவருடையதா? அதன் கரை என்ன நிறம்? காலையில் என்ன நிறம் கட்டியிருந்தார்? காலையில் நான் அவர் முகத்தைப் பார்க்கவேயில்லை. மறுபடி கத்தினேன். பகிடிக்கென்று பிறந்த வாய்க்கு அந்த ஒரு சொல்தான் வந்தது.

அப்போது தேருக்கு அந்தப் பக்கமிருந்து, பஸ் நிலையமே திரும்பிப் பார்க்கும் அந்தக் குரல்:

“ஆள் இறங்கியாச்சு! றைற்! போகலாம்!”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது. பக்கத்தில் நின்ற ஒருவர் எனக்கு உரு வந்துவிட்டதென்று நினைத்துத் திருநீறு பூசிவிட்டார்.

கிழவருக்கு முழங்கால் உரசல்தான். தன்னை ஏன் அப்படிக் கரகரவென்று இழுத்தது என்று அத்தானை ஏசிக்கொண்டிருந்தார். நாங்கள் இரண்டு பேரும் தண்ணீர்ப் பந்தலில் ஆளுக்கொரு குவளையோடு இருந்தோம். நான் சர்க்கரைத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்து முடித்தேன். அவர் அதைப் பார்க்காததுபோல இருந்தார்.

“கமரா உடைஞ்சு போச்சோ?” என்றார் கடைசியில், குவளையைப் பார்த்தபடி.

“இல்லை அத்தான். வயித்திலை விழுந்தது.”

“அப்ப அதுக்கு ஒண்டும் வராது.”

அவருடைய போன் அடித்தது. கனடாவிலிருந்து தமக்கை. நேரலை எந்த நேரமும் ஓடிக்கொண்டுதானே இருந்தது; வானம், தலைகீழ்க் கோபுரம், யாரோ ஒருவரின் குதிக்கால் எல்லாம் உலகம் முழுக்கப் போயிருந்தது, கூடவே குரலும். மச்சாள் போட்ட சத்தம் எனக்கும் கேட்டது.

“தம்பி, நீ அவனோடை கதைச்சனி. நான் என்ரை காதாலை கேட்டனான்.”

“தேர் வருது அக்கா. கதைக்காமல்?”

“மச்சான் எண்டு வேறை கூப்பிட்டனி. ரெண்டு தரம்.”

“வேறை என்னெண்டு கூப்பிடுறது? கமராக்காரத் தம்பி எண்டோ?”

பிறகு மச்சாள், “அவனுக்கு அடி கிடி பட்டதோ?” என்றார். அத்தான் போனை என் பக்கம் நீட்டினார். நான் வாங்கி, “இல்லை மச்சாள், கை கால் எல்லாம் இருக்கு” என்றேன். கை என்ற சொல் வாயைவிட்டு வெளியே போன பிறகுதான் எனக்குப் பக்கென்றது. மச்சாள் சிரித்துவிட்டார். அத்தான் என்னை முறைத்தார். முறைத்துக்கொண்டே தன் குவளையில் மிச்சமிருந்ததை என் குவளைக்குள் ஊற்றினார்.

அதற்குப் பிறகும் அவர் சில தேர்களுக்கு என் முதுகில் அடித்தார். வாயாலும் சொன்னார், கையாலும் அடித்தார். ஒன்று காணாது என்று இரண்டும். இப்போது அவர் கனடாவில் இருக்கிறார். “சும்மா ஒருக்கா அக்காவைப் பார்த்திட்டு வாறன்” என்று போனவர், இன்னும் மச்சாளைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிற வேலையாம். அங்கே யாரும் சத்தம் போட்டுக் கதைப்பதில்லையாம். தன் குரலுக்குத் துருப்பிடித்துவிடும்போல இருக்கிறதென்று சொன்னார். இங்கேயிருக்கிற என் அக்காவையும் மருமகளையும் அங்கே எடுப்பிக்க விசாக் கடதாசி போட்டிருக்கிறார். கடதாசி தேரைவிட மெல்லப் போகிறது.

இந்த வருடத் தேரன்று காலையில், நான் சால்வையைக் கட்டிக்கொண்டிருக்கும்போது அத்தான் கனடாவிலிருந்து போன் எடுத்தார்.

“பின்னுக்கு ஆர்?”

“ஆள் இருக்கு அத்தான்.”

“ஆர் எண்டு கேட்டனான்.”

“நல்ல ஆள்தான். பயப்பிடாதையுங்கோ.”

“எனக்கு முன்பக்கம்தான்ரா தெரியும். நீ சுவாமியை எவ்வளவு வடிவாக் காட்டினாலும் உன்ரை பின்பக்கத்தை நான் இஞ்சையிருந்து பாக்கேலாது. ஆரெண்டு சொல்லு.”

பக்கத்தில் நின்று அக்கா, வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். அவர் பயந்து சாவார் என்பது அவள் நினைப்பு. நான் வெடி கேட்கிறதென்று பொய் சொல்லிப் போனை வைத்தேன்.

தேர் அசைந்தது. சால்வை முடிச்சில் அக்காவின் பிடி. பொம்பிளையை வடத்துக்கு நடுவில் விடலாமோ என்று சிலர் முணுமுணுத்தார்கள். அவர்களுக்கு அவள் சொன்ன மறுமொழி அச்சில் வராது. அத்தானின் முறை எல்லாம் அவளிடம் கிடையாது. அடி இல்லை, தள்ளுமுள்ளுதான். வாய் ஓயாமல் ஓடும். கிழக்கும் தெற்கும் மேற்கும் போனது. வடக்கு வீதிக்குத் திரும்பும் அந்த மூலை வந்தது. சேறு அதே இடத்தில்தான் இருந்தது. கனடாவில் நடுச்சாமத்தில் ஒரு மனிதர் கண்ணை மூடாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார், இந்த மூலைக்காகவே பார்த்துக்கொண்டிருப்பார் என்பது எனக்குத் தெரியும். அவருக்குச் சுவாமி தெரிகிறார், தேர் தெரிகிறது, சில்லு தெரிகிறது. வேண்டியது மட்டும் தெரியாது.

தேர் நின்று கட்டை போட்ட நேரம் பார்த்து, கமராவை வயிற்றிலிருந்து தூக்கி, தோளுக்கு மேலால் பின்பக்கம் திருப்பினேன். சுவாமிக்கு முதுகைக் காட்டிய கமரா எங்கள் ஊரில் அதுதான் முதலாவதாக இருக்கும். குளோசப் இல்லை, எவ்வளவு அகலம் போகுமோ அவ்வளவும் விரித்த லோங் ஷொட். என்ன விழுந்தது என்று எனக்கே பிறகு பார்த்துத்தான் தெரியும். ஒரு கை என் சால்வையில், மறு கையால் யாரையோ விலகச் சொல்லி வாயை அகலத் திறந்திருக்கிற அக்கா. அவளுக்குப் பின்னால் பெண்கள் இழுக்கிற வடத்தில், தாவணியை இடுப்பில் செருகிக்கொண்டு மருமகள். முழங்கால் உரசிய கிழவர், இந்த வருடம் ஊன்றுபொல்லோடு, வடத்தைத் தொட்டுக் கும்பிட மட்டும் வந்திருந்தார். பிறகு வீதி முழுக்கச் சனம், வேலிக் கரை வரைக்கும். ஆர் வந்தவை என்று தெரிந்தது. ஆர் வரவில்லை என்றும் தெரிந்தது.

நேரலைக்குக் கீழே திட்டி எழுதியிருந்தார்கள். சுவாமியைக் காட்டு. கமராக்காரன் நித்திரையோ. ஆரப்பா இந்தப் பொம்பிளை. கோயில்காரரிடமும் பிறகு வாங்கிக் கட்டிக்கொண்டேன். தேர் இருப்புக்கு வந்த பின், பந்தலில் இருந்து அந்தத் திட்டுகளை வாசித்துக்கொண்டு போனேன். நடுவில் அத்தானும் ஒரு வரி எழுதியிருந்தார். நேரலை அங்கே போய்ச் சேர எடுக்கிற நேரத்தைப் பார்த்தால், நான் எப்போதோ கமராவை மறுபடி சுவாமி பக்கம் திருப்பிவிட்ட பிறகுதான் அதை எழுதியிருக்க வேண்டும்.

“பாத்திட்டன். காணும். திரும்பு மச்சான், தேர் வருது.”